ரோவீனாவின் தலையில் மூன்று வகை

சீப்பை எடுப்பதற்கு முன் முடியைக் கொஞ்சம் நனைத்துக்கொள்வது நல்லது, சார்ஜென்ட். உங்கள் தொப்பியின் ஓரத்தில் உடைந்த முனைகள் தெரிகின்றன, அதனால்தான் சொல்கிறேன். எங்கள் குழுவில் சேரும் பெண்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவோம்.

குழுவைத் தொடங்கியது நானும் ரோவீனா அடோனிஸும். இருவரும் கேப் டவுனின் அத்லோன் பகுதியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். சனிக்கிழமையானால் எங்கள் அம்மாக்கள் தலையை இறுக்கி வாரி, பழைய நைலான் காலுறையைச் சுற்றி மாட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முடி படிந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு அவள் பள்ளி ஆசிரியை ஆனாள். நான் அழகு நிலையத்தில் அடுத்தவர்களின் சுருட்டையை நேராக்கிப் பல வருடம் பிழைத்தேன். ஒருநாள் அது வெறுத்துப்போனது. சுருட்டையை இருக்கிறபடியே வைத்துக்கொள்ள நினைக்கும் பெண்களுக்காக இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கேப் டவுன் முழுவதிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் ஒரே இரைச்சல். ஒருத்தி எண்ணெய் பற்றிக் கேட்டால், வேறு மாதிரி முடி உள்ளவள் பதில் சொல்வாள். இவள் அதைத் தடவிக்கொண்டு பிசுபிசுப்போடு வேலைக்குப் போவாள். ரோவீனாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. எனக்கு வேதனை. அதனால் குழுவை அறைகளாகப் பிரித்தேன். இரண்டு என்றால் அலை, மூன்று என்றால் சுருள், நான்கு என்றால் நெருக்கமான சுருட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏ, பி, சி. அவரவர் அறையில் அவரவர் பேசலாம். அடுத்த அறையில் பேச என் அனுமதி வேண்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பீட்டர்சன் வீட்டு இரட்டையர்கள் இருவரும் வெவ்வேறு அறைக்குப் போக நேர்ந்தது. அவர்கள் அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க. ஒரே அறையிலதான் தூங்குதுங்க. உன் குழுவுல மட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசக் கூடாதாம்மா?"

வீட்டில் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம் என்று மரியாதையாகவே சொன்னேன்.

அடுத்த சிக்கல் பொய். நான்கில் இருக்க வேண்டியவர்கள் மூன்று என்று சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். மூன்றாம் அறையில் ஆள் பெருகியது, நான்காம் அறை வெறிச்சோடியது. புகைப்படத்தை நம்ப முடியாது, வெளிச்சம் ஏமாற்றும். அதனால் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். ஒரு பென்சிலை முடிக்குள் செருகி, தலையை ஆட்டி, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பென்சில் விழுந்தால் மூன்று, நின்றால் நான்கு.

ஆன்ட்டி டெல்ஃபின் என்று எங்கள் குழுவில் வயதான ஒருவர் இருந்தார். எல்லோரும் கேட்கும்படி குரல்பதிவு போட்டார்.

"லோர்னா, எங்க அக்கா தலையிலயும் இப்படித்தான் பென்சில் வெச்சாங்க. நிறவெறி ஆட்சி நடந்தப்போ, கவர்ன்மென்ட் ஆபீசுல. விழலை. அதோட அவ வேற இனம்னு எழுதிட்டாங்க, வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. நீ எந்த ஆபீசுலம்மா வேலை பாக்குற?"

நான் பொறுமையாக விளக்கினேன். அன்று அவர்கள் மனிதர்களைப் பிரித்தார்கள். நான் முடியைத்தான் பிரிக்கிறேன். அவருக்குப் புரியவில்லை. புரியாதவர்களை வைத்துக்கொண்டு குழு நடத்த முடியாது. நீக்கிவிட்டேன்.

இப்போது ரோவீனா. அவள் தலையைப் பார்த்திருக்கிறீர்களா? இனிப் பார்க்க முடியாது, போகட்டும். நெற்றிப் பக்கம் அலை, உச்சியில் சுருள், பிடரியில் நெருக்கச் சுருட்டை. பென்சில் முன்னால் விழுந்தது, பின்னால் நின்றது. எந்த அறை என்று கேட்டேன்.

"என் தலையில மூணு குடித்தனம் இருக்குடி. சண்டை சச்சரவில்லாம இருக்காங்க. நீ எதுக்கு நடுவுல வந்து சுவர் எழுப்புற?" என்றாள். வீடியோவில்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு எல்லா அறைகளிலும் எழுத ஆரம்பித்தாள். நீக்கினேன். அவள் தனியாக ஒரு குழு தொடங்கினாள். அறைகள் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். இரட்டையர்கள் போனார்கள். ஆன்ட்டி டெல்ஃபின் போனார். என் நான்காம் அறையில் நான் மட்டும் மிஞ்சினேன். எனக்குப் பொறாமை என்று உங்களுக்குத் தோன்றலாம். அது இல்லை. சரியாகப் பிரித்து வைத்த ஒன்றை ஒரு தலை குழப்புகிறது என்றால், அந்தத் தலையைச் சரிசெய்ய வேண்டியதுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை வீட்டுக்கு அழைத்தேன். பாகில் ஊறித் தேங்காய் தூவிய கூசிஸ்டர் பலகாரம் வாங்கி வைத்திருந்தேன், அவளுக்கு அதென்றால் உயிர். அடுத்த வாரம் அவளுடைய குழுவின் முதல் கூட்டம், சமூகக் கூடத்தில்.

"கோபம் போயிடுச்சா?" என்றாள்.

"உக்காரு. கூட்டத்துக்குப் போற தலை பளபளன்னு இருக்க வேணாமா?" என்றேன்.

கட்டிக்கொண்டாள். கொஞ்சம் அழுதாள் என்று நினைக்கிறேன்.

அவகாடோவும் தேனும் கலந்த பூச்சு என்று சொன்னேன். அவகாடோ இருந்தது. மீதி, நான் அழகு நிலையத்தில் பயன்படுத்திய நேராக்கும் கிரீம். இருப்பதிலேயே கடுமையான ரகம். அதன் நெடி தெரியாமல் இருக்க ரோஜா எசன்ஸ் நிறைய ஊற்றியிருந்தேன். மூன்று வகையையும் ஒரே வகையாக்குவதுதான் நோக்கம். அவள் முடிக்குச் சாயம் பூசியிருந்தாள். சாயம் பூசிய முடியில் இந்தக் கிரீம் நெடுநேரம் இருந்தால் முடியும் தங்காது, தோலும் தங்காது. அது எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில்.

பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டு இன்னொரு கூசிஸ்டரைத் தட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில், "எரியுதுடி லோர்னா," என்றாள்.

"வேலை செய்யுதுன்னு அர்த்தம். சின்ன வயசுல நாம பொறுத்துக்கலையா?"

பொறுத்துக்கொண்டாள். என்னை அவ்வளவு நம்பினாள். பிறகு பொறுக்க முடியாமல் குளியலறைக்கு ஓடினாள். குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் பக்கம் தண்ணீர் நிற்பது வழக்கம்தான், அவளும் அப்படித்தான் நினைத்தாள். அன்று நிற்கவில்லை. வெளியே இருக்கும் வால்வை அவள் வருவதற்கு முன்பே நான் மூடியிருந்தேன்.

கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரரிடம் அவள் போட்ட சத்தத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் உங்களை அழைத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

முடி திரும்ப வளராது என்று மருத்துவர்கள் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரு கண்ணும் சந்தேகம் என்றீர்கள். கண் என் திட்டத்தில் இல்லை; அதற்காக வருந்துகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. இப்போது அவள் தலை முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறது. நீங்கள் கைப்பேசியை வாங்கிக்கொள்வதற்கு முன்பே அவளுக்கென்று ஒரு புது அறை திறந்து, அழைப்பும் அனுப்பிவிட்டேன். அதில் வேறு யாரையும் விட மாட்டேன், அவள் நிம்மதியாக இருக்கலாம். இன்னும் சேரவில்லை. ரோவீனாவுக்கு எப்போதுமே என் அருமை கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.