அக்காவின் கிண்ணத்தில் மட்டும் நிறம் மாறிய சூப்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி. வயது எழுபத்து நான்கு. நூலகத்தில் புத்தகங்களை வகை பிரித்து அடுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். மகளுடனும் மருமகனுடனும் வசிக்கிறேன். என் அக்கா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது குறித்துக் காவல் நிலையத்தில் விசாரித்ததில் கூறுவதாவது. எனக்குப் பதற்றத்தில் பேச்சு முன்பின்னாகும் என்பதால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. சூப்பை மருமகன் யாரையும் அண்டவிடாமல் தயாரித்தார்.
2. அக்காவின் கிண்ணத்தில் மட்டும் அதன் நிறம் மாறியது.
3. அதைக் குடித்த பிறகே அக்காவுக்கு உடம்புக்கு வந்தது.
4. விஷமாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொன்னவன் நான்.

மருமகன் செடிப்பண்ணையில் வேலை பார்க்கிறார். பூச்சிமருந்து அடிப்பதும் அவர் பொறுப்பு. திருமணம் பேசியபோது, மண் கிளறுகிறவனுக்கா பெண் என்று அக்கா நாலு பேர் முன்னால் கேட்டார். மருமகன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆண்டு இறுதி விடுமுறை என்பதால் அக்கா இன்று எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அவர் வரும் முன்பே, பண்ணையிலிருந்து கொண்டுவந்த ஊதா முட்டைக்கோஸில் சூப் வைக்கிறேன் என்று மருமகன் சமையலறைக்குள் போனார். நான் எட்டிப் பார்த்தபோது, போய் உட்காருங்கள் மாமா, இது சர்ப்ரைஸ் என்று கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அதன் பிறகு அக்கா மாடிப்படி ஏறி வந்து மேசையில் அமர்ந்தார். அதன் பிறகு மருமகன் சூப்பைக் கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தார். பேனா மையின் நிறம். அக்கா அதைக் கரண்டியால் கிளறிவிட்டு, "ஏன் மாப்ள, இது குடிக்கவா, துணிக்குச் சாயம் போடவா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் ஆகும் அத்தை. மொதல்ல குடிங்க" என்றார் மருமகன்.

அதன் பிறகு அக்கா அவரை அருகே அழைத்து ஏதோ முணுமுணுத்தார். அவர் சமையலறைக்குப் போய் வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று, அக்காவின் கிண்ணத்தின் மேல் எதையோ பிழிந்தார். அவர் நகர்ந்ததும் பார்த்தேன். அக்காவின் சூப் இளஞ்சிவப்பாகியிருந்தது. எங்கள் மூவருடையதும் ஊதாவாகவே இருந்தது. பிழிந்தது எலுமிச்சை என்றும், புளிப்புப் பட்டால் இந்த முட்டைக்கோஸ் சாறு சிவக்கும் என்றும் ஆய்வாளர் அம்மா மீதிச் சூப்பில் ஒரு கரண்டி எடுத்து என் முன்னாலேயே செய்து காட்டினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலுமிச்சைக்கு ரகசியம் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு அக்கா கொஞ்சம் குடித்தார். அவருக்கு வியர்த்தது. தன் தட்டில் விசிறிபோல் மடித்து வைத்திருந்த கைத்துணியைப் பிரித்து முகமும் கழுத்தும் துடைத்தார். இடது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டார். துணியைப் பழையபடி மடித்து அந்த வெறும் தட்டிலேயே வைத்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது எங்கள் இருவருக்கும் பழக்கம். அதன் பிறகு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் கூடப் போனவன் நான். பூச்சிமருந்து என்ற சொல்லை மருத்துவரிடம் சொன்னதும் நான். அவர்கள் விஷத்துக்கான சிகிச்சையைத் தொடங்கினார்கள். மருமகனை இங்கே பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஐயா, வெறும் தட்டுன்னு சொன்னீங்க. சூப் கிண்ணத்த அந்தத் தட்டு மேலதான வெச்சாங்க?"

ஆம் என்றேன்.

கிண்ணம் வந்த பிறகு அந்தத் தட்டு வெறுமையாக இருந்ததே இல்லை. ஆகவே அக்காவுக்கு வியர்த்ததும் தோளை அமுக்கியதும் சூப் வருவதற்கு முன்பு. குமட்டலுக்காகத்தான் புளிப்புக் கேட்டிருப்பார். விருந்து கெடக் கூடாதென்று மெதுவாகக் கேட்டிருப்பார். எனக்கு மருமகன் மேல் இருந்த சந்தேகத்தில் சூப்பை முன்னால் வைத்து, மற்றதையெல்லாம் அதற்குப் பின்னால் அடுக்கிவிட்டேன். மூன்றாவதாக நான் சொன்னது தவறு. மற்றவை நான் கண்டவரை உண்மை. இதைப் படித்துக் காட்டும்வரை காத்திருக்காமல், அக்காவின் நெஞ்சைப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லக் கேட்டுக்கொண்டேன். ஆய்வாளர் எண்ணைப் போட்டு, போனை என்னிடமே நீட்டுகிறார். பேசிவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.