எதிர்த்தீவில் இரண்டு பூனைகள்

பூனைகள் என்றால் எனக்கு எப்போதுமே பிரியம். மரவள்ளி உரிக்கும்போது காலடியில் சுருண்டு கிடக்கும்.

ஓணான் அப்படியல்ல. மேலே பாய்ந்து ஒட்டிக்கொண்டால் தோலோடுதான் பிடுங்க வேண்டும் என்று சொல்லியே எங்கள் ஊர்ப் பெண்களை வளர்த்தார்கள். அதனால்தான், எதிர்த்தீவுக்குப் போனது ஒரு பெண் என்று உங்களுக்கு முதலில் தோன்றவில்லை. அது உங்கள் தவறில்லை, அதிகாரி ஐயா.

அங்கே இருந்தவை பச்சை ஓணான்கள். எங்கள் ஃபிஜியின் சில சின்னத் தீவுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதவை. என் கணவர் அபிசாய் அவற்றுக்குக் காவல். திங்களன்று படகேறினால் சனிக்கிழமைதான் திரும்புவார்.

“உன் புருஷனுக்கு அக்கரையில இன்னொருத்தி இருக்காடி, மெரேயோனி. பச்சைத் தோலு, முழ நீள வாலு,” என்பாள் பக்கத்து வீட்டு விலிசி.

“அவ சமைச்சுப் போடுறாளாக்கும்?” என்று நானும் சிரிப்பேன்.

நான் கர்ப்பமான மாதத்தில் அங்கே ஒரு ஓணான் குழி தோண்டி முட்டையிட்டது. “நம்மள மாதிரியே அதுக்கும் ஒம்பது மாசம், மெரே. ரெண்டும் ஒண்ணாப் பொறக்கும் பாரு,” என்றார். எனக்கு வலி கண்டபோது அவர் அந்தக் குழியருகே இருந்தார். “குஞ்சு தலை நீட்டுது, இதோ வந்துடறேன்னு சொல்லுங்க,” என்று சொல்லியனுப்பினார். அவர் வந்தபோது எங்கள் மகளைப் புதைப்பதற்காகப் பாயில் சுற்றி முடித்திருந்தோம்.

அழுதார். அடுத்த திங்கட்கிழமை படகேறினார். எனக்குக் கோபமில்லை.

ஒரு ஞாயிறு, ஊரே தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் பெண் பூனையைக் கூடையில் வைத்துப் படகைத் தள்ளினேன். பாதி வழியில் மனம் கேட்கவில்லை. ஓர் உயிரைத் தனியாக விடுவது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து கடுவனையும் ஏற்றிக்கொண்டேன்.

ஒற்றைப் பூனை என்றால் பிடித்திருக்கலாமாம். இவை குட்டி போட்டன, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. ஓணான் குஞ்சுகள் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு பெரியவையும் போயின. கடைசி ஓணானை அபிசாய் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். புதைக்கப் பாய் கேட்டார். கொடுத்தேன்.

அதன்பிறகு வீட்டிலேயே இருந்தார். நான் வைத்ததைச் சாப்பிட்டார். நல்ல நாட்கள் அவை. அந்த நிம்மதியில்தான் நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்கிறீர்கள். இருக்கும். இந்தப் பாரத்தை நான் ஒருத்தியாகச் சுமக்க விட அவருக்கு மனம் வந்திருக்காது.