வெளிச்சம் சொன்ன பதில்

மேடையில் அமர்ந்திருக்கும் நோயாளர் குடும்பச் சங்கத் தலைவர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, இந்த மழையிலும் நாகசாகியின் படிகளேறி வந்திருக்கும் பெரியோர்களே!

பொறியாளர் கமோஷிதா தெத்ஸுயா ஐம்பது வயது முடியாமல் போய்விட்டார். அவருக்காக எழுபத்தெட்டு வயதான நான் பேசுவது எந்த ஊர் நியாயம்?

என் கணவர் ஹிதேனோரிக்குத் தசைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து, கடைசியில் கண் மட்டும் அசைந்தது. அது திரையில் எந்தச் சொல், எழுத்துக் கட்டத்தைப் பார்க்கிறது என்று கண்டு பேச்சாக்கும் கருவியைக் கொண்டுவந்தவர் கமோஷிதா.

மூச்சுக் கருவி பொருத்தலாமா என்று கணவரிடமே கேட்கும் நாள் வந்தது. பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் வாழலாம். அவ்வளவு பெரிய கேள்வியை இருட்டறையிலா கேட்பது? திரைச்சீலைகளை நானே விலக்கினேன். "வேண்டும்" என்றது பேச்சுக் கருவி. என் மகள் மியோகோ கைதட்டி அழுதாள்.

கமோஷிதா மட்டும் மறுப்பாகத் தலையசைத்தார். "அம்மா, கொஞ்சம் பொறுங்க. இது அவரு பதில் இல்லாம, வெளிச்சம் சொன்ன பதிலா இருக்கலாம்."

"உங்க வேலை கருவியைப் பாக்குறது. எங்க வீட்டுக்காரர் மனசைப் பாக்க நான் இருக்கேன்."

"திரைச்சீலை மூடியிருந்தப்போ அவரு கண்ணுக்குக் கருவியைப் பழக்கினேங்க. இப்போ வெயில்ல கண்மணி சுருங்கிடுச்சு. சுருங்குறப்போ அதோட நடுப்புள்ளி ஒரு மயிரிழை தள்ளிப் போகும். கண்ணுல மயிரிழைன்னா திரையில ஒரு கட்டம்."

பக்கத்துக் கட்டத்தில்தான் "வேண்டாம்" இருந்தது.

அந்த வெளிச்சத்திலேயே கருவியை மறுபடி பழக்கினார், கட்டங்களை இடம் மாற்றினார், கேட்டார். "வேண்டாம்." திரைச்சீலையை மூடி, மீண்டும் பழக்கிக் கேட்டார். "வேண்டாம்."

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அரைகுறைப் பதிலை ஏற்றுப் பழகாதவள். ஆனால் அன்று அந்தப் பிழையான பதில்தானே எனக்கு வேண்டியிருந்தது! கமோஷிதா வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

"வெளிய போங்க!" என்றேன். தரையில் நெற்றி பட வணங்கி, குலுங்கி அழுதார்.

அப்போது கருவி எழுத்தெழுத்தாகப் பேசியது: "அவரை விரட்டாதே. சோறு போட்டு அனுப்பு. உன் ஊறுகாய் மட்டும் வேண்டாம்."

என் முள்ளங்கி ஊறுகாயைக் கல்யாணமான நாள் முதல் கேலி செய்தவர் உலகில் ஒருவர்தான். அது அவர் குரல்! மூச்சுக் கருவி பொருத்தாமலே, அந்தக் குரலோடுதான் இலையுதிர்காலத்தில் இறந்து போனார். கருவி பேசிய பொய்யோடு அல்ல.

அந்தக் குரலைக் காத்துத் தந்தவரை இன்று இழந்து நிற்கிறோம்.

கமோஷிதா சான், எங்கள் சங்கம் உறுதி சொல்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் கருவியைத் தனித்தனியே பழக்குவோம். பெரிய கேள்வியை இரண்டு வெளிச்சத்தில், கட்டங்களை இடம் மாற்றிக் கேட்போம். வரும் பதில் எங்கள் நெஞ்சைப் பிளந்தாலும், அதைத் திருத்த மாட்டோம்.