சிவப்புச் சட்டையில் வெள்ளைக் கயிறு

எனக்குப் பழைய படங்கள் பார்ப்பதில் அவ்வளவு ஆர்வம் கிடையாது, ஐயா. ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன். அதிலும் பதினொரு நொடிதான்.

கதாநாயகன் சிவப்புச் சட்டையில், தொழிற்சாலையின் இரண்டாம் மாடியிலிருந்து கயிற்றைப் பிடித்து எதிர்க் கட்டடத்துக்குத் தாவும் காட்சி. நாற்பது வருடமாக அதற்கு விசில் பறக்கிறது. முகம் தெரியாது, முதுகு மட்டும் தெரியும். அது என் தம்பியின் முதுகு. அவன் டூப் போடுவான், நான் கயிறு கட்டுவேன். பாதி தூரம் தாவியதும் காட்சியை வெட்டி, எதிர் மாடியில் நடிகர் வந்து நிற்பதைச் சேர்த்திருப்பார்கள். அந்த வெட்டுக்கு அடுத்த நொடியில் தம்பியின் கை வழுக்கியது.

இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இருந்திருந்தால் தொங்கியபடி சிரித்திருப்பான். ஒத்திகையில் இருந்தது. படமெடுக்கும் முன் நடிகர் பார்த்துவிட்டு, "கயிறு தெரியுதே" என்றார். அதனால்தான் கழற்ற வேண்டியதாயிற்று. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தம்பி பதினொரு வருடம் படுக்கையில் இருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பேன். டிவியில் தியேட்டர் விசிலோடு அந்தக் காட்சியைக் காட்டினால், "அண்ணா, சத்தத்தைக் கூட்டு. எம் முதுகுக்கு எவ்ளோ விசிலு பாரு" என்பான். பின்னாலேயே நடிகரின் பேட்டி வரும். "டூப்பா? அந்தப் பேச்சே நம்மகிட்ட கிடையாது. கீழ ஒரு மெத்தைகூடப் போடல." தம்பி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் டிவியை அணைத்துவிடுவேன். அவன் இறந்த பிறகும் அந்தப் பதினொரு நொடி முடிந்ததும் அணைத்துவிடுகிறேன்.

இந்த வருடம் படத்துக்கு நாற்பது வயது. ரசிகர்கள் மாநாடு கூட்டினார்கள். மன்றத் தலைவனை எல்லோரும் 'ரீல்' என்று கூப்பிடுவார்கள். படத்தை இருநூறு தடவைக்கு மேல் பார்த்தவன், முதல் நாள் டிக்கெட்டின் கிழிந்த பாதியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருப்பவன். அரங்கத்தின் மேல்தளத்திலிருந்து மேடைக்கு ஒருவரைத் தாவவிட ஆசைப்பட்டு, பழைய கயிற்றுக்காரன் என்று என்னைத் தேடி வந்தான்.

"ஜிம்முக்குப் போற ஆள் யாருக்காவது சிவப்புச் சட்டைய மாட்டி விட்டுடலாம்ணே."

"எதுக்கு? அவரே வர்றாருல்ல."

"அண்ணே, அவருக்கு அறுபத்தெட்டு ஆவுது."

"அவரே செஞ்சதுதானே தம்பி. கை மறந்தா போயிடும்?"

ரீலுக்குக் கண் கலங்கிவிட்டது. மெத்தை போடலாமா என்று கேட்டான். அந்தப் பேட்டியை ஞாபகப்படுத்தினேன். அதை மனப்பாடமாக ஒப்பித்துக்காட்டியவன் அவன்தான். நல்லவன். அவன்மேல் வழக்கு எதுவும் வேண்டாம்.

அன்று காலை அரங்கத்து வாசலில் நடிகரோடு கை குலுக்கினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் அவர் பிடியைப் பார்த்துக்கொண்டேன். அந்தத் தாவலுக்கு ஆறு நொடி பிடி வேண்டும். அவர் கையில் மூன்று நொடி இருந்தது.

அவரே தாவப்போகிறார் என்று ரீல் மேடையில் அறிவித்ததும், நடிகர் சிரித்துக்கொண்டே மறுத்தார். "முட்டி தகராறு பண்ணுதுப்பா, விட்டுடுங்க." நான் மைக்கை வாங்கி ஒரே ஒரு வாக்கியம் பேசினேன்.

"அண்ணன் என்னிக்கும் டூப் போட்டதில்ல, இன்னிக்கு மட்டும் போடுவாரா?"

எண்ணூறு சிவப்புச் சட்டைகள் எழுந்து நின்றன. அவருக்கு மேல்தளத்துப் படியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எல்லாம் அவர் வாயால் சொன்னதுதான்.

மேலே அவர் இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றை நானே கட்டினேன். இரண்டு முடிச்சு. இழுத்துப் பார்க்கச் சொன்னேன். என் பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி இருந்தது. இப்போதெல்லாம் அதுதான் வழக்கம். நான் எடுத்தது விரல் பருமனுள்ள வெள்ளைக் கயிறு. அவரும் சிவப்புச் சட்டையில்தான் வந்திருந்தார்; சிவப்பில் வெள்ளை எடுப்பாகத் தெரியும். கீழே எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"கயிறு தெரியுதே" என்றார்.

நாற்பது வருடத்துக்குப் பிறகும் அதே இரண்டு சொல். கழற்றினேன். கீழே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எண்ணி முடித்ததும் தாவினார். ரசிகர்களை ஏமாற்றும் பழக்கம் அவருக்கு இல்லை.

இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்லுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை. இல்லாவிட்டால் புண் வந்துவிடும்.

அவர் கழற்றச் சொன்னாரா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இல்லை. 'தெரியுதே' என்று மட்டும்தான் சொன்னார். முடிச்சில் கை வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் சொன்ன அதே மூன்று நொடி.

நாற்பது வருடத்துக்கு முன்னாலும் அவர் கழற்று என்று சொல்லவில்லை. காட்சி சுத்தமாக வரவேண்டுமே என்று நானாகத்தான் கழற்றினேன். அன்றைக்குத் தம்பியும் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவன் பிடி நல்ல இறுக்கம், ஐயா.