இடது தோள்ல ஒரு தட்டு

அது இருக்கட்டும் தம்பி, மைலேஜ் எல்லாம் அப்புறம் பேசலாம். பின் சீட்டு எப்படின்னு சொல்லுங்க. சொல்ல வேணாம், ஏறி உக்காந்து காட்டுங்க. முன்னாடி இல்ல, பின்னாடி. ம். முட்டி ரெண்டும் மடங்கி நெஞ்சுக்கு வருது பாத்தீங்களா? இந்தச் செவப்பு வண்டில பின் சீட்டுன்னு ஒண்ணு ஒப்புக்குத்தான் வச்சிருக்கான். ஓட்டறவன் குனிஞ்சு படுத்துக்கணும், பின்னாடி இருக்கறவங்க அவன் முதுகு மேல ஏறிக்கணும். சாய்மானம் மாட்டறதுக்கும் எடம் இல்ல. இது வேணாம், இறங்குங்க.

ஓட்டப் போறது யாரா? நான்தான். மகனுக்குன்னு நினைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. இதுக்கு முன்னாடி ஒரு கடைக்குப் போனேன், அங்க இருந்தவரு நேரா ஸ்கூட்டர் மூலைக்குக் கூட்டிட்டுப் போயி, கூடை வச்ச வண்டியாப் பாத்துப் பாத்துக் காட்டறாரு. லைசென்ஸ எடுத்து அவரு மூக்குக்கு முன்னால நீட்டினேன். அம்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டது தம்பி. விழுந்து எந்திரிச்சுக் கத்துக்கிட்டது. முழங்கைல தழும்பு இருக்கு, காட்டவா? சரி, வேணாம்.

பின்னாடி உக்காரப் போறது அவரு. அதோ, கண்ணாடிக் கதவுக்கிட்ட, ஏசி காத்து மேல படாம உங்க வாட்ச்மேன் நகத்தி விட்டாரே, சக்கர நாற்காலில, அவருதான் என் வீட்டுக்காரரு. நாம பேசறது எல்லாம் அவருக்குக் கேக்கும், காது நல்லா இருக்கு. வலது பக்கம்தான் விழுந்துடுச்சு, கையும் காலும். பேச்சும் அதோட போச்சு. இடது கை நல்லா வேலை செய்யும், நீங்க குடுத்த தண்ணிய அந்தக் கைலதான் வாங்கினாரு. ஒரு தலையாட்டல் கூட இல்லையேன்னு நினைச்சுக்காதீங்க. பேச்சு இருந்தப்பவும் அந்த வழக்கம் கிடையாது.

நீங்களும் அதையே சொல்றீங்க பாத்தீங்களா. எங்க தெருவே அதைத்தான் சொல்லுது. இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணுமாம். பக்கத்து வீட்டம்மா அவங்க மருமகள்கிட்ட என்னக் காட்டிக் காட்டியே அந்தப் பொண்ணுக்கு என்னக் கண்டா ஆகாது. சாயங்காலம் ஆனா அவரைக் குளிக்க வச்சு, சட்டை மாத்தி, ஹெல்மெட் போட்டு, பெல்ட்டு கட்டி, வண்டில வச்சு ஊருக்கு வெளில ஒரு சுத்து. ரெண்டு வருஷமா இதான். டாக்டர்தான் சொன்னாரு, நாலு சுவத்துக்குள்ளயே வச்சிருக்காதீங்கம்மா, வெளில கூட்டிட்டுப் போங்க, காத்து படட்டும்னு. எதுல கூட்டிட்டுப் போகணும்னு அவரு சொல்லல. நானும் கேட்டுக்கல.

பழைய வண்டில தான் போவோம். அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல தம்பி. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே அவரு வச்சிருந்தது. ஒத்த சிலிண்டர். தெருமுனை திரும்பும்போதே அடுப்படில பாத்திரம் அதிரும், வந்துட்டாருன்னு தெரிஞ்சுடும். எனக்கு ஒரு காலத்துல அந்தச் சத்தத்தக் கேட்டாலே ஆகாது. இப்ப அது இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்கு. போன மாசம் ஓட்டிட்டு இருக்கும்போதே எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு. மெக்கானிக் பிரிச்சுப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாரு. வாசல்ல அது நின்ன எடத்துல எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கு. பெருக்கும்போது அதைச் சுத்தித்தான் பெருக்கறேன். மனுஷன் போன மாதிரி தேடுது தம்பி, நிஜமாத்தான் சொல்றேன்.

கண்ணாடிய மட்டும் கழட்டி வாங்கிட்டு வந்துட்டேன். இருங்க, பைல இருக்கு. இந்தாங்க, புடிச்சுப் பாருங்க. வட்டக் கண்ணாடி, நீளக் காம்பு. இதை இப்படிக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பி வச்சா பின்னாடி உக்காந்திருக்கறவங்க மூஞ்சி முழுசாத் தெரியும். உங்க வண்டில எல்லாம் கண்ணாடிய முன்னாடி கொண்டுபோயி ஒட்டி வச்சிருக்கான். ரோடு தெரியுது, லாரி தெரியுது, ஆளத் தெரியல. புது வண்டில இதை மாட்டித் தருவீங்களா? அழகு கெட்டுடுமா? கெடட்டும். எனக்கு அவரு மூஞ்சி தெரியணும்.

இந்தச் சாம்பல் கலர் எப்படி? பின் சீட்டு சோபா மாதிரி இருக்கே. அமுக்கினா உள்ள போகுது. மேடு பள்ளமே தெரியாதா? எவ்வளவு தூரம் போனாலும் அசதி வராதுன்னு சொல்றீங்க. அப்போ இது வேணாம் தம்பி. தூங்கிடுவாரு. நல்லதுதானேன்னா? தூங்கறதுக்கு வீட்ல கட்டில் இருக்கு.

அந்தக் கறுப்பு? ம், இதுல சாய்மானம் இருக்கு, ரெண்டு பக்கமும் கைப்புடி இருக்கு, பெல்ட்டு கட்டலாம். சீட்டு கெட்டியா இருக்கு. மேல் துணி தண்ணி உறிஞ்சுமா? துடைச்சா போயிடுமா? மழைக்குத்தானே கேக்கறீங்கன்னா, ஆமா, மழைக்கும்தான். இந்த முன் கண்ணாடி என்ன பண்ணும்? பட்டன அமுக்கினா மேல வருமா. சரி, ஓட்டறவங்க மூஞ்சில காத்து அடிக்காது. அந்தக் காத்து எங்க போகும்? எனக்கு மேல ஏறிப் போயி, உசரமா உக்காந்திருக்கறவரு மூஞ்சில அடிக்குமா? மறைக்காம சொன்னீங்களே, சந்தோஷம். அதுல ஒண்ணும் குறை இல்ல.

பிக்கப்பு? செவப்பு வண்டி அளவுக்கு இழுக்குமா? அதவிட நல்லா இழுக்குமா? ஆளப் பின்னாடி தள்ளிடும்னு சொல்றீங்க. ரெண்டு பேரு உக்காந்தாலும் இழுவை குறையாதா? அதைச் சொல்லுங்க முதல்ல. நீங்க ஏபிஎஸ், அது இதுன்னு ஆரம்பத்துலேந்து அடுக்கறீங்க. நிக்கறதப் பத்தி எனக்குக் கவலை இல்ல.

அந்த மைக்கெல்லாம் வேணாம் தம்பி. ஹெல்மெட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் பேசிக்கறதா? அவருக்குத்தான் பேச்சு இல்லையே. பேச்சு இல்லாட்டி என்ன, எங்களுக்குன்னு ஒரு பாஷை இருக்கு. கல்யாணமான புதுசுல அவரே சொல்லிக் குடுத்தது. ஓடற வண்டில நீ பேசினா என் காதுல விழாது, தோள்ல தட்டுன்னாரு. இடது தோள்ல ஒரு தட்டு தட்டினா மெதுவாப் போங்கன்னு அர்த்தம். ரெண்டு தட்டினா நிறுத்துங்க. வலது தோள்ல தட்டினா பசிக்குது. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. இப்படி ஒரு மனுஷனான்னு உருகிப் போயிட்டேன். வலது தோள்ல தட்டினா போதும், எங்கயாவது கடையப் பாத்து ஓரம் கட்டிடுவாரு, வயிறு முட்ட வாங்கிக் குடுப்பாரு. அதுல குறை சொல்லவே முடியாது.

இடது தோளா? இடது தோள்ல தட்டினா முறுக்குவாரு.

ஆமா. தட்டத் தட்ட முறுக்குவாரு. முதல்ல கேலிக்குன்னு நினைச்சேன், நானும் சிரிச்சுக்கிட்டேதான் தட்டினேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு, தட்டறது நிக்கல. கண்ண மூடிக்கிட்டு, உசுரக் கைல புடிச்சுக்கிட்டு, அவரு சட்டையக் கசக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இறங்கினதும் என் கைய விரிக்க முடியாது. அவரு சிநேகிதங்ககிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, என் வண்டிக்கு ரெண்டு ஆக்சிலேட்டர்டா, ஒண்ணு கைல, ஒண்ணு தோள்லன்னு. அவங்க எனக்கு அதையே பேரா வச்சுட்டாங்க. எங்க பாத்தாலும், என்ன ஆக்சிலேட்டர் சவுக்கியமா, அப்படித்தான். ஒரு தடவை பெட்ரோல் பங்க்ல இறங்கறேன், சீட்டு நனைஞ்சிருக்கு. பயத்துல எனக்கே தெரியாமப் போயிருக்கு. அவரு சிநேகிதங்க நாலு பேரும் நிக்கறாங்க. அவரு துணிய எடுத்து சீட்டத் துடைச்சுக்கிட்டே, வண்டி லீக் ஆவுதுடான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பெட்ரோல் போடற ஆளு மட்டும் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

நடந்து போயிருக்கலாமா, பஸ்ல போயிருக்கலாமா? சின்ன வயசு தம்பி உங்களுக்கு. எங்கம்மாகிட்ட சொன்னேன். என்னிக்காவது விழுந்தீங்களாடின்னு கேட்டாங்க. இல்ல. அப்புறம் என்ன. அதான் விஷயமே. ஒரு தடவை கூட விழல. அவ்வளவு நல்லா ஓட்டுவாரு. விழுந்து ஒரு கை ஒடிஞ்சிருந்தாக்கூட எனக்கு ஒரு நியாயம் கிடைச்சிருக்கும். ஒண்ணுமே ஆகாததுக்கு யாருகிட்ட போயி அழறது? முப்பத்திரெண்டு வருஷம் அந்த சீட்டுல உக்காந்து செத்துச் செத்துப் பொழைச்சேன், உடம்புல ஒரு கீறல் கிடையாது.

அப்புறம் அவரு பாத்ரூம்ல விழுந்தாரு. வண்டில விழாத ஆளு.

முதல் தடவை அவரைப் பின்னாடி வச்சுக் கட்டி ஓட்டினப்ப மெதுவாத்தான் போனேன், சத்தியமா. பழக்கம் இல்லையே. நாலு வழி ரோட்டுல ஏறினதும் கொஞ்சம் வேகம் எடுத்தேன். தோள்ல ஏதோ பட்டுச்சு. இடது தோள். ஒரு தட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு தம்பி. என் பேரு அவருக்கு மறந்துபோச்சு, பெத்த பொண்ணு வந்து நின்னா யாருங்கற மாதிரி பாக்கறாரு, அது மறக்கல. கண்ணாடிய இப்படித் திருப்பிப் பாத்தேன். கண்ணு ரெண்டும் பிதுங்கி நிக்குது, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு என்னவோ சொல்ல வருது. அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது, அவரு பழைய கண்ணாடில என்னப் பாத்ததே இல்ல.

முறுக்கினேன். வேற என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்ச பாஷை அதுதானே.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சட்டப்படி ஏதாவது தப்பா? ஹெல்மெட் போட்டிருக்கு, பெல்ட்டு கட்டியிருக்கு, லைசென்ஸ் இருக்கு. வீட்டுக்கு வந்ததும் நானே துடைச்சு, துணி மாத்தி, சோறு ஊட்டித்தான் படுக்க வைக்கறேன். ஒரு கீறல் இருக்கான்னு போயிப் பாருங்க. ஒண்ணும் ஆகலைங்க அவருக்கு. சந்தோஷமா இருந்துச்சு எனக்கு, அதை எதுக்கு மறைக்கணும். அந்த ரெண்டு வருஷம்தான் நான் மூச்சு விட்டது.

பழைய வண்டிக்கு ஒரு அளவு இருக்குல்ல, அதுக்கு மேல அது போகாது. அவரும் அந்த அளவுக்குப் பழகிட்டாரு. போன மாசம் கண்ணாடில பாக்கறேன், மரத்தையும் மாட்டையும் வேடிக்கை பாத்துக்கிட்டு வராரு, காத்து வாங்கற மாதிரி. கை மடியில கிடக்கு. தட்டவே இல்ல. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். முழுசா முறுக்கிப் புடிச்சேன், விடவே இல்ல. அதுலதான் எஞ்சின் போச்சு. கிளட்ச்சப் புடிச்சு ஓரம் கட்டினேன். அப்பவும் விழல. நானும் நல்லாத்தான் ஓட்டறேன்.

அதனாலதான் தம்பி, ஆரம்பத்துலேந்து இழுவை எப்படி, இழுவை எப்படின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்.

டெஸ்ட் ரைடு உண்டுன்னு வெளில போர்டு போட்டிருக்கீங்க. நான் தனியா ஓட்டிப் பாத்து என்ன தெரிஞ்சுக்கறது? மேனேஜர்கிட்ட கேக்கணுமா, கேளுங்க. இங்க நான் சொன்னதையும் சேத்து வேணும்னாலும் சொல்லுங்க. நம்ப மாட்டாரு. நான் உள்ள வரும்போதே அவருதான் எழுந்து வந்து, எங்கம்மா உங்கள மாதிரி இல்லையேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பாத்தீங்களா, அங்கேந்தே தலையாட்டறாரு. கண்ணாடிய உங்க மெக்கானிக்க விட்டு சும்மா ஒரு கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்லுங்க, ஒரு சுத்துக்குத் தாங்கினா போதும். ம், சரியா இருக்கு. இன்னும் கொஞ்சம் உள்பக்கம்.

வாட்ச்மேன் அண்ணே, நீங்க வலது பக்கம் புடிங்க, அந்தப் பக்கம்தான் கனம். தம்பி, நீங்க இப்படி வாங்க. கால முதல்ல தூக்கிப் போடுங்க. பயப்படாதீங்க, ஒடிஞ்சிட மாட்டாரு. பெல்ட்டு என் பைலயே இருக்கு, ரெண்டு சுத்து. சாய்மானத்தோட சேத்துக் கட்டுங்க, அவுக்கற முடிச்சு அவரு கைக்கு எட்டக்கூடாது. ஏன் தம்பி இவ்வளவு லூசாக் கட்டறீங்க? விடுங்க, நான் கட்டிக்கறேன்.

அந்த நல்ல கைய மட்டும் எடுத்து என் தோள் மேல வைங்க. இடது தோள். அவரு பேசணும்னா அதுதானே வழி, அதைப் போயிப் புடுங்கிக்க நான் என்ன பாவியா.

தட்டறாரு பாருங்க. இன்னும் சாவியே போடல.

இதையே எழுதிடுங்க தம்பி. கறுப்பு.