மரம் காஞ்சிருச்சா, பாய்?

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் விக்னேஸ்வரன் அவர்களே, மறைந்த அண்ணனின் துணைவியார் லோகேஸ்வரி அக்கா அவர்களே, இந்த மழையிலும் மோட்டார் சைக்கிளில் புக்கிட் செலம்பாவ் வந்து சேர்ந்திருக்கும் தோட்டத்துச் சொந்தங்களே, உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும். நான் கவுஸ், டீக்கடைக்காரன். தேநீர் இழுத்துப் பழகிய கை இது. ஒலிபெருக்கி பிடித்துப் பழக்கமில்லை. வார்த்தை எங்காவது சிந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் நினைவுகூர வந்திருப்பது புதுவழி மன்றத் தலைவர் அமரர் சிவநேசன் அண்ணனை. மன்றம் என்றதும் கட்டடம் எதையும் தேடாதீர்கள். என் கடையின் பின்பக்கத்து நீள மேசைதான் மன்றம். ஞாயிறு காலை குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் அங்கே வந்து உட்காருவார்கள். அண்ணனுக்கு மட்டும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங். "பாய், உன் தண்ணி கசக்குது லா" என்று வாரா வாரம் குறை சொல்லிக்கொண்டே இன்னொரு கிளாஸ் கேட்பார்.

கடைசி நாட்களில் அவர் இந்த உலகத்தில் பாதிதான் இருந்தார். ஈரல் வேலை செய்யாமல் போனால் நஞ்சு மூளைக்கு ஏறி மனிதரை அரைத்தூக்கத்தில் வைத்துவிடும் என்றார் டாக்டர். அந்தத் தூக்கத்தில் அண்ணன் இளவயதில் சீவிய ரப்பர் காட்டுக்குப் போய்விட்டார். மரத்துக்கு மரம் நடந்தார். பட்டை வாசனை வருகிறது என்றார். வார்டு ஜன்னலுக்கு வெளியே இருந்தது கார் நிறுத்தும் இடம்தான். ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல, பனிக்குள் வரிசை வரிசையாக மரங்கள் எனக்கும் தெரிந்தன.

கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "மழை விட்டுருச்சு போல. மரம் காஞ்சிருச்சா, பாய்?" பட்டை நனைந்திருந்தால் சீவ முடியாது, பால் மழைத்தண்ணீரோடு ஓடிவிடும். காய்ந்துவிட்டது என்றால் கத்தியைத் தேடிக் கட்டிலை விட்டு இறங்கிவிடுவார் என்று, "இன்னும் இல்லைங்க, படுங்க" என்பார் அக்கா. நானும் அதையே சொன்னேன்.

பிறகு அண்ணன் ஒரேயடியாகக் கண்ணை மூடினார், எடுத்துப் போனோம். அன்று பந்தலில் நம் மன்றத்துத் தம்பி ஒருவர் என் காதருகே வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். "குடிக்காமலே பதினோரு வருஷம் இருந்தாரு அண்ணன். கடைசியில அதே ஈரல்ல புத்துநோய் வந்துதானே போனாரு? அப்புறம் நாங்க எதுக்கு பாய் வாயைக் கட்டணும்?" என்றார். அடுத்த ஞாயிறு அவர் நாற்காலி காலி.

அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? படித்தவனா நான்? அண்ணன் சொன்னதைத்தான் சொல்ல முடியும். "மேலாகச் சீவுனா பட்டை பழையபடி வளந்துரும் பாய். கத்தி ஆழமா இறங்கிட்டா அதுக்குப் பேரு காயம். அதுவும் ஆறும். ஆனா முண்டும் முடிச்சுமாத்தான் ஆறும். இருபது வருஷம் தினமும் சம்சு சாராயம் ஊத்தி என் ஈரலை நான் அப்படி ஆக்கிட்டேன். அந்த முடிச்சுலதான் புத்து வந்து உக்காரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

குடியை விட்ட அன்று கத்தி நின்றது, தம்பி. முன்பே விழுந்த காயம் போகவில்லை. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அண்ணன் ஒழுங்காகப் போனார். பிறகு உடம்பு தெம்பாகிவிட்டது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மூன்று வருஷம் போகாமல் விட்டார். ஈரல் வலித்துச் சொல்லும் உறுப்பு இல்லை. சொல்லும்போது கட்டி பெரிதாகியிருந்தது. "என்னைப் பத்திப் பேசுனா இதையும் சேத்துப் பேசு பாய், மூடி மறைக்காத" என்று அவரே என் கையைப் பிடித்துச் சொன்னார். சொல்லிவிட்டேன் அண்ணே.

ஆனால் அந்தப் பதினோரு வருஷம் சும்மாவா? விடாமல் குடித்திருந்தால் அவ்வளவு காலம் கிடைத்தே இருக்காது என்றார் டாக்டர். பதினோரு வருஷம் அக்கா கதவைத் தாழிடாமல் தூங்கினார். பதினோரு வருஷம் அவர் கை நடுங்காமல் கிளாஸைப் பிடித்தது. அந்தக் காலத்துக்குள்தானே மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார்? அந்தக் காலத்துக்குள்தானே, தம்பி, மழையில் விழுந்து கிடந்த உங்களைத் தூக்கி என் கடைக்குக் கொண்டுவந்தார்? அவர் விட்டது வீண் என்றால், உங்களைத் தூக்கியதும் வீணா?

சபையோரே, அண்ணனின் மேசை எடுக்கப்படாது. ஞாயிறுதோறும் போடுவேன். ஸ்கேனுக்குத் தேதி வந்தவர்களை என் வண்டியிலேயே அழைத்துப் போவேன். நல்லாத்தானே இருக்கேன் என்று எவராவது சொன்னால், அவரைத்தான் முதலில் ஏற்றுவேன்.

கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், தம்பி. வந்ததே பெரிது. அண்ணனுக்கு நாங்கள் யாரும் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

மழை விட்டாச்சு தம்பி. மரம் காஞ்சிருச்சு. எழுந்து நம்ம மேசைக்கு வாங்க.