காலிச் சங்கு

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள் மீன் வாடை என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மீன் இல்லை ஐயா, அது காய்ந்த சங்கின் வாடை. பழகிவிட்டால், சட்டையில் அது இல்லாத நாளில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

துறவி நண்டுகளைக் கவனிப்பதுதான் எங்கள் வேலை. பெயர்தான் துறவி, வீட்டு ஆசை விடாத ஜீவன். அதன் பின்னுடம்பு மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. செத்த நத்தையின் சங்கைத் தேடிப் பிடித்து அதற்குள் உடம்பைச் செருகிக்கொள்ளும். வளர வளரப் பெரிய சங்கு வேண்டும். கண்டதும் குடியேறிவிடாது. உருட்டும், தடவும், உள்ளே கொடுக்கை விட்டு அளக்கும். வாடகைக்கு வீடு பார்க்கிறவன்கூட அவ்வளவு தட்டிப் பார்க்கமாட்டான்.

கூடத்தின் தலைவர் என் அக்காவின் கணவர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. நல்ல மனிதர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் அந்த நாற்காலியை விடவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை, கரையில் நாங்கள் வைத்திருந்த காலிச் சங்குகளைப் பார்க்க அத்தானும் நானும் போனோம். ஒரு கல் உருண்டு, அவர் கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பதறவில்லை.

"வண்டியில கடப்பாரை இருக்கு மாப்ள, எடுத்துட்டு வா. பாத்துப் போ, பாசி வழுக்கும்."

போனேன். மணல்மேட்டுக்குப் பின்னால், பெரிய காலிச் சங்கு ஒன்றைச் சுற்றி நண்டுகள் கூடியிருந்தன. பெரியது முன்னால், அதைவிடச் சின்னது அதன் பின்னால் என்று வரிசை. முதல் நண்டு புதுச் சங்குக்கு மாறினால், அது விட்ட சங்குக்குள் அடுத்தது புகும். அது விட்டதற்குள் அதற்கடுத்தது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் முதல் நண்டு மனம் வைக்க வேண்டும். அதுவரை மற்றதெல்லாம் காத்துக் கிடக்கும். எத்தனையோ நாள் தவம் கிடந்தும் நாங்கள் பார்க்காத காட்சி. உட்கார்ந்தேன்.

கடப்பாரையோடு நான் திரும்பியபோது பாறை தண்ணீருக்குள் இருந்தது.

வழுக்கி விழுந்ததால் தாமதம் என்று எல்லோரிடமும் சொன்னேன். முழங்காலைக் கல்லில் நானே உரசிக்கொண்டேன். அக்கா உட்கார்ந்து அந்தக் காயத்துக்கு மருந்து போட்டாள். "நீயாவது பொழச்சியே" என்றாள். தலைவர் பதவி எனக்கு வந்தபோது அவர் மேசையைத் துடைத்து வைத்ததும் அவள்தான். அந்த இடத்தில் நான் உட்காருவதுதான் அவளுக்கு ஆறுதலாம். அதைக் கேட்ட பிறகுதான் இந்த ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தேன்.

அவர் கூப்பிட்டது கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. முதலில் "மாப்ள" என்றார். பிறகு என் பெயரைச் சொன்னார். கடைசியில் அக்காவின் பெயரை. பதில் சொல்ல வாயெடுத்தேன் ஐயா, அது சத்தியம். ஆனால் முதல் நண்டு அப்போதுதான் பாதி வெளியே வந்திருந்தது. நான் அசைந்தால் அது பயந்துவிடும்.